மூன்றாம் பிடி அரிசி

இன்றைக்குக் கடல் அடிக்கும் இடத்தில் அன்றைக்குத் தெருக்கள் இருந்தன. அந்தக் காலத்தில் நடந்தது இது. வயதானவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். இளையவர்கள் பின்னால் இருந்து கேட்டால் போதும்; உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சிப்பித்துறை என்று ஓர் ஊர். அதை ஒரு மன்னன் ஆண்டான். அவன் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. அவன் செய்த ஒரு சட்டம் தேவை.

அந்த நாட்டில் முதியவர்கள் வடக்கே போவார்கள். வாழ்ந்தது போதும் என்று ஒருவருக்குத் தோன்றினால், சூரியன் வடக்கே திரும்பும் தை முதல் நாளில், ஊரின் வடக்கு வாசல் வழியாக நடந்து போவார். போனவர் திரும்புவதில்லை. எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வாசல் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் திறக்கும். உச்சிப் பொழுதில் மூடிவிடும்.

மன்னனின் தந்தையும் அப்படித்தான் போனார். யாரிடமும் சொல்லவில்லை. மகன் ஓடி வந்து பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது. மன்னன் அதைத் திறக்கச் சொல்லவில்லை. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் சட்டம் செய்தான்.

வடக்கே போகிறவர் மூன்று பேரிடம் விடை பெற வேண்டும். ரத்தத்தால் உறவானவர் ஒருவர். சுவருக்கு அப்பால் வாழ்ந்தவர் ஒருவர். சேர்ந்து உழைத்தவர் ஒருவர். மூவரும் தம் கையால் ஒவ்வொரு பிடி அரிசி அள்ளி அவருடைய துணியில் போட வேண்டும். போடும்போது ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "உன்னால் எனக்கு இனி ஆக வேண்டியது ஒன்றும் இல்லை, நீ போகலாம்."

மூன்று பிடி அரிசி இல்லாதவருக்குக் காவலன் கதவைத் திறக்க மாட்டான். பொய்யாகச் சொன்னவருக்குத் தண்டனை கிடையாது. ஆனால் பொய் சொல்லிப் போட்ட அரிசி எத்தனை விறகு வைத்தாலும் வேகாது என்று ஊரார் நம்பினார்கள். அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது. போனவர்கள் வந்து சொன்னதில்லை.

அந்த ஊரில் ஆதன் என்று ஒருவர் இருந்தார். முத்துக் குளித்தவர். அறுபத்தெட்டு வயது. வருடத்துக்கு ஒன்றாக முப்பத்திரண்டு பருவம் கடலின் அடிக்குப் போய்வந்த உடம்பு. கால்கள் இன்னும் உறுதியாக இருந்தன. காதுகள்தான் போய்விட்டன. ஆழத்து நீர் முதலில் எடுத்துக்கொள்வது காதைத்தான். குளிகாரர்கள் எல்லாரும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் தொழிலை விட்டுக் கரையேறுவார்கள்.

மனைவி நல்லாள் இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் செய்யாள் அரைநாள் நடைத் தொலைவில், வயல்கள் இருக்கும் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கரையேறிய குளிகாரர்களுக்கு அரண்மனை மாதந்தோறும் நெல் அளந்தது. ஆதனின் வயிறு காயவில்லை. கூரை ஒழுகவில்லை. நோய் என்று படுத்ததில்லை.

ஆனால் சந்தைக்குப் போனால் எல்லாருடைய வாயும் அசைந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்ன?" என்று ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டினார். தலையாட்டக் கூடாத இடமாக இருந்திருக்க வேண்டும், சிரித்தார்கள். அதன்பின் சந்தைக்குப் போவது நின்றது. பிறகு கோயிலுக்குப் போவது நின்றது. பிறகு கடற்கரைக்கும் போகவில்லை. தெருவில் யாரும் அவரைத் தேடவில்லை, ஏனென்றால் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. சாத்திய கதவை யாரும் தட்டாததால் அவரும் திறக்கவில்லை.

ஒரு மார்கழிக் காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். நேற்று இதே பொழுதில் இதே கஞ்சியைக் காய்ச்சியது நினைவுக்கு வந்தது. நாளைக்கும் இதையே காய்ச்சப் போகிறோம் என்பது நினைவுக்கு வந்தது. நாளைக்கு என்று அவருக்கு வேறு எதுவும் இல்லை. அதில் அவருக்குத் துக்கம்கூட வரவில்லை. "போதும்," என்று சொல்லி அடுப்பை அணைத்தார்.

தை பிறக்கப் பதினைந்து நாள் இருந்தது.

முதலில் மகள் வீட்டுக்கு நடந்தார். செய்யாள் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். தந்தையை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் காதருகில் குனிந்து, "என்னப்பா, சொல்லி அனுப்பியிருந்தால் உங்கள் மருமகன் வண்டி கொண்டு வந்திருப்பாரே?" என்றாள்.

ஆதன் துணியை விரித்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த நாட்டில் துணியை விரித்தால் எல்லாருக்கும் புரியும்.

"சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்பா."

"பேச ஒன்றுமில்லை. போடு."

பிறந்த வீட்டில் அவர் சொன்ன எதையும் அவள் மறுத்ததில்லை. கல்யாணத்துக்கும் மறுக்கவில்லை. கடலை விட்டு வயலுக்குப் போ என்றபோதும் மறுக்கவில்லை. தந்தை கேட்டதைக் கொடுப்பதுதான் மகள் செய்வது என்று வளர்ந்தவள். களத்திலிருந்தே ஒரு பிடி அள்ளப் போனாள். நெல் உதவாது என்று உள்ளே போய் அரிசி எடுத்துவந்தாள். கண்களை மூடிக்கொண்டு வாக்கியத்தைச் சொன்னாள். ஒரு சொல்லும் பிசகவில்லை. அரிசி துணியில் விழுந்தது.

திரும்பி நடக்கும்போது ஆதன் தனக்குள் சொல்லிக்கொண்டார்: எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்.

அடுத்தது அடுத்த வீட்டுச் சாத்தி. உப்பு விற்பவள், கைம்பெண். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மண் சுவர். அவள் வாசலில் உப்பைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ஆதன் துணியை விரித்ததும் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"யாருக்குப் பெரியவரே? உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"பதினாலு வருஷமா ஒரே சுவர். நீங்க கதவைச் சாத்தினப்புறம் உங்களை நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன் தெரியுமா?" உரக்கக் கேட்டாள்.

ஆதன் காதை அவள் பக்கம் திருப்பினார்.

"ஏழு தடவை. எண்ணி வைக்கலை, எண்ண வேண்டிய அளவுக்கு இல்லை, அதான் ஞாபகம் இருக்கு. உங்க வீட்டுல புகை வந்தா இருக்கீங்கன்னு நினைச்சுக்குவேன். அவ்வளவுதான்." உள்ளே போய் அரிசி அள்ளி வந்து போட்டாள். வாக்கியத்தை நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, "மெய்யாத்தான் சொன்னேன். இவ்வளவு லேசாச் சொல்ல முடியுதேன்னுதான் கஷ்டமா இருக்கு," என்றாள். பிறகு உப்புச் சாக்கைக் கட்டப் போய்விட்டாள்.

இரண்டு பிடி ஆயிற்று.

மூன்றாவது, சேர்ந்து உழைத்தவர். இங்கேதான் ஆதனின் கால் நின்றது. ஏன் என்று தெரிய வேண்டுமானால் முத்துக் குளிப்பவர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

குளிகாரன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு அடிக்குப் போவான். இடுப்பில் ஒரு கயிறு. மேலே தோணியில் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். கண்ணிமைக்கும் நேரம் பிந்தினால் வருவது பிணம். அதனால் அந்தக் கயிற்றை யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். தம்பியிடம் கொடுக்க மாட்டார்கள், பெற்ற மகனிடமும் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் உடன்பிறந்தானிடம் மட்டும் கொடுப்பார்கள். தன் உடன்பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்பது கணக்கு.

ஆதனின் கயிற்றை முப்பத்தொரு பருவம் பிடித்தவர் நல்லாளின் தம்பி அந்துவன்.

நல்லாள் இறந்தாள். அடுத்த பருவம் வந்தது. ஆதன் யோசித்தார். அவளுக்காகத்தானே அவன் கயிறு பிடித்தான்? அவள் இல்லாதபோது அவனைக் கூப்பிடுவது எந்த முறை? அவனுக்கு இனிச் சுமையாக இருக்கக் கூடாது என்று எண்ணினார். நல்லதையே எண்ணினார். ஒரு வார்த்தை அவனிடம் கேட்காமல், வெளியூர்க் கூலிக்காரன் ஒருவனைக் கயிறு பிடிக்க வைத்துக்கொண்டு கடலுக்குப் போனார். அந்துவன் அதை முதல் நாள் கரையில் நின்று பார்த்தார். அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை. அந்த ஒரு பருவத்தோடு ஆதனும் கரையேறிவிட்டார். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

சேர்ந்து உழைத்தவர் என்று சட்டத்தின் முன் காட்ட ஆதனுக்கு வேறு ஆள் இல்லை. கூலிக்காரன் எந்த ஊரில் இருக்கிறானோ. மூன்று நாள் தயங்கினார். நான்காம் நாள் துணியை எடுத்துக்கொண்டு தெருவின் மறுகோடிக்கு நடந்தார்.

அந்துவன் முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்தார். அறுபத்து நாலு வயது. இடுப்புக்குக் கீழே பலம் இல்லை. தூக்கி வைத்த இடத்தில் இருப்பார். கைகள் மடியில் கிடந்தன. விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி அப்படியே இறுகிப்போயிருந்தன. பிடிக்கக் கயிறு இல்லாமலேயே பிடித்துக்கொண்டிருந்த கைகள். சுற்றிலும் கோழி, குழந்தை, காயும் துணி, மருமகள் எயினியின் அதட்டல்.

"எயினி," என்று கூப்பிட்டார் அந்துவன். "வழி தவறி யாரோ வந்திருக்காங்க பாரு. எந்த ஊர்னு கேளு."

ஆதனுக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். துணியை விரித்தார். அதில் இரண்டு முடிப்பு அரிசி இருந்தது.

அந்துவன் அந்த முடிப்புகளையே பார்த்தார். பிறகு ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"தர மாட்டேன்."

"சட்டப்படி கேட்கிறேன்."

"சட்டப்படித்தான் சொல்றேன். ஆக வேண்டியது ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்லணும் இல்லையா? எனக்கு உங்ககிட்ட ஆக வேண்டியது இருக்கு, அத்தான்."

"என்ன?"

"முப்பத்தொரு பருவம் உங்களைக் கடலுக்குள்ள விட்டு எடுத்திருக்கேன். கயிறு ஒரு தடவை அசைஞ்சா தூக்கணும், ரெண்டு தடவை அசைஞ்சா கூடை நிரம்பிடுச்சு. எனக்குத் தெரிஞ்சது இந்த ரெண்டுதான். கீழே என்ன இருக்குன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

ஆதன் யோசித்தார். "மண் இருந்தது."

"மண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகவா முப்பத்தொரு வருஷம் என் கையைத் தேய்ச்சேன்? உட்காருங்க. ஒவ்வொரு பருவமாச் சொல்லுங்க. சொல்லி முடிச்சா அரிசி. இது என் வாக்கு."

தை பிறக்கப் பதினோரு நாள் இருந்தது. ஆதன் மனத்துக்குள் கணக்குப் போட்டார். நாளுக்கு மூன்று பருவம் சொன்னால் முடிந்துவிடும். உட்கார்ந்தார்.

அவர் பேசத் தெரியாதவர். தண்ணீருக்கு அடியில் பேச்சு எதற்கு? முதல் நாள் சொற்கள் நொண்டின. முதல் பருவத்தில் மூச்சு முட்டியதைத் தவிர ஒன்றும் நினைவில்லை என்றார். அந்துவன் விடவில்லை. "மண்ணுன்னீங்களே, எப்படி மண்ணு?"

"உலர்த்தின நெல்லைக் காலால் கிண்டிவிட்டால் வரி வரியாகக் கிடக்குமே. அப்படி."

"ம்."

"வெளிச்சம் மேலிருந்து வராது. நாலு பக்கத்திலிருந்தும் வரும். நிழல் கிடையாது."

"நிழலே கிடையாதா?" என்று கேட்டது எயினி. அவள் கையில் அரிவாள்மணை இருந்தது. மீன் ஆய்வதை நிறுத்தியிருந்தாள்.

ஆதனுக்குத் தன் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று தெரியாது. காது கேளாதவர்கள் எல்லாரையும் போல அவரும் கத்தித்தான் பேசினார். அந்துவனும் அவருக்குக் கேட்கவேண்டிக் கத்தினார். ஆகவே கடலின் அடியில் இருந்ததெல்லாம் அந்தத் தெருவுக்கே கேட்டது. மூன்றாம் நாள் வேலிக்கு அப்பால் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஐந்தாம் நாள் பழைய தோணிக்காரர்கள் நாலு பேர் உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரே பாறைக்கு அடியில் ஒன்பது பருவம் இருந்த கிழட்டு மீன் ஒன்றைப் பற்றிச் சொன்னார். வாயில் நத்தை ஒட்டியிருந்தது என்றார். யாரோ தவறவிட்ட நங்கூரக்கல்லில் பாசி மயிர் போல வளர்ந்து ஆடியதைச் சொன்னார். சுறா ஒன்று ஒரு முழம் தள்ளி வந்து நின்று, பார்த்து, வேறு வேலை நினைவுக்கு வந்தது போலத் திரும்பிப் போனதைச் சொன்னார்.

"அது எங்க தோணிப் பக்கம் வந்த சுறாதான்," என்றார் தோணிக்காரர் ஒருவர். "பதினாலாம் பருவம்."

"பதிமூணு," என்றார் இன்னொருவர்.

"உனக்கு அப்ப பல்லே முளைக்கலை, நீ சும்மா இரு."

ஆதனுக்கு அவர்கள் சண்டை கேட்கவில்லை. வாய்கள் அசைவதைப் பார்த்தார். சந்தையிலும் இப்படித்தான் அசைந்தன. ஆனால் இப்போது எதைப் பற்றி அசைகின்றன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "என்ன?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சொன்னார்கள்.

எட்டாம் நாள் ஒரு விஷயத்தைச் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார். இருபத்திரண்டாம் பருவத்தில் ஒரு நாள் கூடை நிரம்பிய பிறகும் கயிற்றை அசைக்காமல் நின்றாராம். அங்கே அமைதியாக இருந்ததாம். மேலே வரத் தோன்றவில்லையாம். அதற்குள் மேலிருந்து இழுத்துவிட்டார்கள்.

"அன்றைக்கு நான் அசைக்கவில்லையே. நீ ஏன் தூக்கினாய்?"

"கயிறு சும்மா இருந்துச்சு," என்றார் அந்துவன். "சும்மா இருக்கிற கயிறு நல்லதில்லை."

எயினி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தார்கள்.

மார்கழியின் கடைசி நாள் முப்பத்தொன்றாம் பருவமும் முடிந்தது. ஆதன் எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில் வருகிறேன். அரிசியை எடுத்து வை," என்றார். தோணிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்துவன், "வாங்க," என்றார்.

தை பிறந்தது.

ஆதன் குளித்து, வெள்ளைத் துணி உடுத்தி, இரண்டு முடிப்பு அரிசியோடு வந்தார். முற்றத்தில் நேற்று இருந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். யாரும் அழவில்லை. அது அந்த நாட்டில் முறையில்லை. எயினி அரிசிப் பானையைக் கொண்டுவந்து மாமனாரின் பக்கத்தில் வைத்தாள். அந்துவன் மடங்கிய கையைப் பானைக்குள் விட்டு எடுத்தார். விரல்களுக்குள் அரிசி இருந்தது. வாக்குத் தவறவில்லை.

"சொல்," என்றார் ஆதன்.

"உங்களால் எனக்கு இனி ஆக வேண்டியது..." அந்துவனின் குரல் அங்கே நின்றது.

"மிச்சத்தையும் சொல்."

"வரலை அத்தான்."

"வாக்குக் கொடுத்தாய்."

"கொடுத்தேன். அரிசி தரேன்னேன். அரிசி கையில இருக்கு. வார்த்தையைத்தான் காணோம்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "பொய்யாச் சொல்லணும்னா சொல்லிடறேன். காவக்காரனுக்கு வித்தியாசம் தெரியாது. சொல்லவா?"

ஆதன் கேட்டது ஒன்றுதான். "நான் உனக்கு எதற்கு? உன் அக்காவுக்காகக் கயிறு பிடித்தாய். அவள் போய்விட்டாள்."

"அக்காவுக்காகத்தான் பிடிச்சேன்," என்றார் அந்துவன். "முதல் வருஷம்."

ஆதன் அவருடைய உதடுகளையே பார்த்தார்.

"நீங்க கூலிக்காரனை வெச்சுக்கிட்டுப் போனீங்களே, அந்தப் பருவத்துல பக்கத்துத் தோணியில துடுப்புப் போட்டவன் யாருன்னு பார்த்தீங்களா?"

"இல்லை."

"தலையில முக்காடு போட்டுக்கிட்டு இருந்தேன். நாப்பத்திரண்டு நாள். துடுப்பைப் போடாம உங்க கயிறையே பார்க்கிறேன்னு அந்தத் தோணிக்காரன் என்னைத் திட்டாத நாள் இல்லை. உங்க கூலிக்காரன் எச்சில் துப்பத் திரும்பும்போதெல்லாம் துடுப்பை விட்டுட்டு எழுந்து நிப்பேன்."

"மெய்தான்," என்றார் உட்கார்ந்திருந்த தோணிக்காரர் ஒருவர். "திட்டினவன் நான்தான்."

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார் ஆதன்.

"நீங்க கேக்கலை. நானும் வந்து சொல்லலை. அது என் தப்பு. வீம்பு ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா பதினோரு வருஷம் தாங்குமா?"

வடக்கு வாசலில் முரசு அடித்தது. ஆதனுக்குக் கேட்கவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கதவு திறந்துவிட்டது.

அந்துவன் கையை நீட்டினார். "விரல் தானா விரியாது. வேணும்னா நீங்கதான் பிரிச்சு எடுத்துக்கணும்."

ஆதன் அவர் முன்னால் உட்கார்ந்தார். துணியை விரித்தார். அந்துவனின் கையைத் தன் மடியில் வைத்துச் சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தினார். அது மரக்கிளை போல விறைத்திருந்தது. நிமிர்ந்தபோது சில அரிசி மணிகள் துணியில் விழுந்தன. அந்துவனின் தாடை இறுகியது. ஆதன் மோதிரவிரலை நிமிர்த்தினார். இன்னும் கொஞ்சம் அரிசி விழுந்தது.

அப்போது உள்ளங்கை தெரிந்தது. அதன் குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். கயிறு ஓடி ஓடி அறுத்த தழும்பு. ஆதன் அதைப் பார்த்தார். முப்பத்தொரு பருவம் கடலிலிருந்து மேலே வந்தது அவருடைய உடம்பு. அந்தப் பள்ளத்தின் ஆழம் அவருடைய எடை. ஒவ்வொரு நாளும் அவர் மேலே வந்து மூச்சு வாங்கியபோது, பக்கத்தில் இந்தக் கை எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"வலிக்கிறதா?" என்று கேட்டார்.

"வலிக்குது."

நடுவிரலைப் பிடித்திருந்த ஆதன் அதை நிமிர்த்தவில்லை. வெயில் முற்றத்தில் நகர்ந்தது. அந்த ஒரு பிடி அரிசியும் ஒரு பொய்யும் கிடைத்தால் அவர் போகலாம். இரண்டும் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. நெடுநேரம் கழித்து, நிமிர்த்திய இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாக மெதுவாகப் பழையபடி மடித்துவிட்டார். அந்தக் கையை விடாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

உச்சிப் பொழுதில் மறுபடி முரசு அடித்தது. வடக்கு வாசல் மூடிவிட்டது.

எயினி வந்து துணியில் சிந்திய அரிசியைப் பொறுக்கிப் பானையில் போட்டாள். குனிந்து ஆதனின் காதில், "பெரிய மாமா, சாப்பிட்டுட்டுப் போங்க. குழம்பு ஆறுது," என்று கத்தினாள்.

மறுநாள் காலையில் ஆதன் வீட்டிலேயே இருந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று. மறுபடி அங்கே போக அவருக்கு ஒரு காரணம் தெரியவில்லை. வெயில் ஏறியபோது கதவு அதிர்வதைக் கண்டு எழுந்து போய்த் திறந்தார். எயினி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு நேரமாத் தட்டறேன். மாமா காலையிலிருந்து சாப்பிடாம உட்கார்ந்திருக்கார். வாங்க."

போனார். "எல்லாம்தான் முடிந்துவிட்டதே," என்றார்.

"உங்க பக்கம் முடிஞ்சது," என்றார் அந்துவன். "நீங்க கீழே இருந்தப்ப மேலே என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? அக்கா கரையில எங்கே நிப்பா தெரியுமா? எத்தனை தடவை மூச்சை எண்ணி, எண்ணிக்கை தப்பி அழுதிருக்கா தெரியுமா? முப்பத்தொரு பருவம். ஒண்ணொண்ணா வரேன். உட்காருங்க."

ஆதன் உட்கார்ந்தார். நல்லாள் கரையில் நின்றதை அவர் பார்த்ததில்லை. பார்த்திருக்க முடியாது, அவள் நின்றபோதெல்லாம் அவர் தண்ணீருக்குள் இருந்தார். தான் வாழ்ந்த வாழ்க்கையில் பாதியைத்தான் தான் அறிந்திருக்கிறோம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபாதி இவனிடம் இருந்திருக்கிறது.

மாசியில் மகள் வீட்டுக்குப் போனார். அவள் அரிசியை அவளிடமே நீட்டி, "பொய் சொல்லியிருக்கிறாய்," என்றார். "நீங்க கேட்டீங்கப்பா," என்றாள் செய்யாள். அவர் அங்கே எட்டு நாள் இருந்தார். பேரக் குழந்தைகள் அவர் காதில் கத்தக் கற்றுக்கொண்டார்கள். சாத்தியின் அரிசியை அவர் தன் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டார். அது நன்றாக வெந்தது. சாத்தியோடு மட்டும் பழக்கமாக அதிக நாள் பிடித்தது. ஒன்றரை வருடம் கழித்துத்தான் அவள் முதல் தடவையாகச் சுவரைத் தட்டி, மூட்டை தூக்கிவிட வரமுடியுமா என்று கேட்டாள்.

அந்துவன் நாளுக்குக் கொஞ்சமாகச் சொன்னார். வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னார். நான்காம் வருடம், இருபத்தாறாம் பருவத்தைச் சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு பகலில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

அடுத்த தை வந்தபோது ஆதன் என்ன செய்யப் போகிறார் என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவரைப் பிடித்திருந்த கை இப்போது இல்லை. தடுக்கவும் ஆள் இல்லை. தை முதல் நாள் காலையில் ஆதன் துணி எதுவும் எடுக்காமல் வெளியே வந்தார். கடற்கரைக்குப் போனார். தோணிக்காரர்கள் வலை காயவைக்கும் இடத்தில் போய் நின்று, தன் வழக்கமான குரலில் கத்தினார்:

"இருபத்தேழாம் பருவத்தில் என் தோணிக்குப் பக்கத்தில் யார் யார் இருந்தீர்கள்? வந்து சொல்லுங்கள். எனக்கு இன்னும் ஐந்து பருவம் தெரிய வேண்டும்."

முதலில் ஒருவர் எழுந்தார். பிறகு அவரோடு சண்டை போடுகிறவர் எழுந்தார். அவர்களுக்குத் தெரியாததைச் சொல்ல இன்னொருவரைத் தேடிப் போனார்கள். அந்த இன்னொருவரும் காது போன குளிகாரர், பல வருடமாக வெளியே வராதவர். அவர் வீட்டுக் கதவை ஆதனே தட்டினார். திறக்கும்வரை தட்டினார்.

ஆதன் அதன்பின் ஒன்பது வருடம் இருந்தார். ஐந்து பருவத்தையும் கேட்டு முடித்தாரா என்று தெரியவில்லை. கேட்டவரையில் நிறைவாக இருந்தார் என்று அவரைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இது: வயதான காலத்தில் நாளைக்கும் விடிய வேண்டும் என்ற ஆசையை நமக்குத் தருவது நம்மை வேண்டும் என்று நினைக்கும் மனிதர்களே; ஆகவே எந்தக் காரணத்துக்காகவும் அவர்களோடு பேச்சை நிறுத்தக் கூடாது.